பித்தளைத் தூள்

தீவில், ஹேடோ பட்டறையில் நான் கடைசல் வேலை பார்த்த காலம். வானிலை பலூன் விடும் ஆபீசுக்கு ஹைட்ரஜன் சிலிண்டர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும். கப்பல் தவறினால் பலூன் இல்லை. அரிசி கழுநீரில் வெல்லம் கரைத்துப் புளிக்கவைத்தே அந்த வாயுவை எடுக்கலாம் என்றார் அங்கிருந்த லேப் உதவியாளர். ஒல்லி மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். மூடிய டிரம்மில் காதை வைத்துக் குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்சம் இரும்புத்தூள் போட்டால் கிருமிகள் கூடுதலாக வாயு விடும் என்று சொல்லி என்னிடம் கேட்டார். நான் பட்டறைத் தரையைப் பெருக்கி அள்ளிக் கொடுத்தேன்.

"இரும்பு மட்டும்தானேய்யா?"

"வேறென்ன, தங்கமா?" என்றேன்.

மூன்றாம் நாள் வானிலை ஆபீஸ் அதிகாரி வந்தார்; நானும் பார்க்கப் போயிருந்தேன். வாயு வராவிட்டால் உதவியாளரை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார். குழாயில் மாட்டிய பலூன் துவண்டு தொங்கியது.

"க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று கேட்டார் அதிகாரி.

உதவியாளர் டிரம்மைத் திறந்து அடியில் துழாவினார். கையில் மஞ்சளாகப் பித்தளைத் தூள். அதிலிருந்த செம்பு கிருமிகளைக் கொன்றுவிட்டது. யார் கொடுத்தது என்று சொன்னால் என் வேலை போய்விடும்.

"மேரா கல்தி, சாப்," என்று தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"காந்தம் வச்சுப் பாத்திருக்கணும்யா. அது என் வேலை, உன் வேலையில்ல."

அடுத்த கப்பலில் போய்விட்டார். என்னைக் காப்பாற்றினாரா, உள்ளதைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதிகாரி முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.