பூக்கொட்டகையில் வாசித்த சோகக் கதை

போன வாரம் என் மகன், தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். பின்னட்டையைப் படித்ததும் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, ஒனக்கு இங்க என்ன குறை?" என்றான். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாவு, தனிமை, வெறுமை என்று அட்டையில் போட்டிருந்ததாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. திருநகரில் காற்றோட்டமான வீடு, மூன்று வேளை சாப்பாடு. ஆனால் புத்தகம் என்றால் எனக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். அதை அவனுக்கு எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. மக்கிய தாள் வாசம். எனக்கு அந்த வாசம் வந்தால் பின்னாலேயே மல்லிகை வாசமும் வந்துவிடும்.

கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பூக்கட்டப் போனேன். ஆறு பெண்கள். நான் கடைசியாகச் சேர்ந்தவள், கட்டுவதிலும் கடைசி. என் சரத்தைத் தூக்கினால் பூ உதிரும். "இவ கட்டுன பூவ வச்சுக்கிட்டு பஸ்ல ஏறுனா, எறங்கயில தலையில வெறும் நாருதான் இருக்கும்" என்பாள் செல்வியக்கா. உண்மைதான். கொட்டகையை நடத்திய பூக்கடைக்காரர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

எட்டாவது வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் அவர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள். நான் சத்தமாகக் கதை வாசிக்க வேண்டும். என் பங்குப் பூவை ஐந்து பேரும் பிரித்துக் கட்டிவிடுவார்கள். சரம் இறுக்கமாக இருந்ததால் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

புத்தகம் கிளை நூலகத்தில் எடுப்பேன். காதல் கதை, துப்பறியும் கதையெல்லாம் எப்போதும் யார் கையிலாவது இருக்கும். ஒரு அலமாரியை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதில் இருந்ததெல்லாம் விடியாத கதைகள், பிறந்ததே தப்பு என்கிற தத்துவங்கள். கிடைத்ததைக் கொண்டுவந்தேன்.

தத்துவக்காரர் ஒருவர், வாழ்வதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று நானூறு பக்கம் எழுதியிருந்தார். செல்வியக்கா நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள். "அம்புட்டு நாளும் அவரு உக்காந்து எழுதயில, சோறாக்கிப் போட்டது யாருன்னு எழுதிருக்காரா, பாரு."

புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.

கொட்டகையே சிரித்தது. அப்புறம் அவர் சொன்னதில் பாதி சரிதான் என்றும் பேசிக்கொண்டோம். எந்தப் பாதி என்பதில் சண்டை. ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரம் ஆகும்.

அடுத்து ஒரு நாவல். மானாவாரி நிலத்துக்காரன் ஒருவனுக்கு மாடு போகிறது, நிலம் போகிறது, பிள்ளை போகிறது. அவன் மனைவிதான் கதை. பேரையூரிலிருந்து வந்த பாண்டியம்மாக்கா அதிகம் பேசமாட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அவள் தினமும் உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்பாள். "அவ என்ன ஆனா?"

முடிவை நான் முந்தின நாளே வீட்டில் படித்துவிட்டேன். அந்த மனைவி கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். பாண்டியம்மாக்கா முகத்தைப் பார்த்து அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நானாக ஒன்று சொன்னேன். கிணற்றுக்குப் போனவள் குடத்தில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். மழையும் பெய்தது. எல்லோருக்கும் சந்தோஷம். செல்வியக்கா டீ வாங்கிவரச் சொன்னாள்.

பாண்டியம்மாக்கா டீயைத் தொடவில்லை.

"ஏத்தா, அது புத்தகத்துல இல்ல."

"இருக்குக்கா."

"நீ பெரிய வார்த்தை வந்தா திக்குவ. இன்னைக்கு ஒரு எடத்துலயும் திக்கலயே. உள்ளதப் படி."

இனி வாசிக்கச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். நாளைக்கு நாரைக் கையில் கொடுப்பார்கள், மறுநாள் கடைக்காரர் அனுப்பிவிடுவார். உள்ளதைப் படித்தேன். நிறையத் திக்கினேன். படித்து முடித்தேன். கைகளில் பூ ஓடிக்கொண்டிருந்தது.

பாண்டியம்மாக்காதான் வாய் திறந்தாள். "நானும் ஒருக்கா போனேன் கெணத்தடிக்கு. எங்கூர்க் கெணத்துல ஏது தண்ணி? எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

செல்வியக்கா முதலில் பதறினாள். பிறகு பாண்டியம்மாக்கா முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் பூவெல்லாம் சாக்கில் சிதறியது.

"அந்தக் கழுத கெணத்துல விழாம இங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் பாண்டியம்மாக்கா. "ஒரு எடம் போட்டுக் குடுத்திருப்போம்." என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் இதே மாதிரிப் புத்தகமாக் கொண்டா. பொய் படிச்சேன்னா நாரத்தான் எடுக்கணும், பாத்துக்க."

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். சோகக் கதை யாரையும் சோகமாக்குவதில்லை. உள்ளதைச் சொல்கிறவன் நம்மை மதித்துச் சொல்கிறான். மழை பெய்ய வைக்கிறவன் நம்மைச் சின்னப்பிள்ளையாக்குகிறான். தத்துவக்காரர்கள் பண்ணும் தப்பும் ஒன்று உண்டு. தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். செல்வியக்கா மகளோடு சமயநல்லூரில் இருக்கிறாள், காது கேட்பதில்லை. பாண்டியம்மாக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். முதுமையில்தான், நல்லபடியாக. நான் இப்போது வாய்க்குள் படிக்கிறேன். குறுக்கே கேட்க ஆள் இல்லை. நானூறு பக்கம் நாலே நாளில் முடிந்துவிடுகிறது.