சிவப்பு விளக்கு எரியும் நேரம்

தையல்காரியின் கழுத்தில் ஒரு மணி தொங்கியது. சோப்புக் கட்டி அளவுக்கு வெள்ளை டப்பா. படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியார் கையில் பொத்தான். அங்கே அமுக்கினால் இங்கே கீச்சென்று கத்தும். வேலைக்குப் போகும் புருஷன் நிம்மதியாகப் போகவேண்டுமே என்று வாங்கி வந்து, தன் கையாலேயே பெண்டாட்டி கழுத்தில் மாட்டிவிட்டான்.

“புருஷன் செயின் வாங்கிப் போட்டாருன்னு கேள்விப்பட்டேன், இதுதானா?” என்றாள் மாடிவீட்டுக்காரி. தையல்காரியும் சிரித்துத்தான் வைத்தாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையைத் தைத்து முடிப்பதற்குள் கீச். ஓடினால், “ஜன்னலைத் தெற.” திரும்பி வந்து ஊசியில் நூல் கோப்பதற்குள் கீச். “ஜன்னலைச் சாத்து.” குளிக்கப் போனாலும் அது கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டு கத்தும். இப்படிக் கத்தினால் செல் எத்தனை நாள் தாங்கும்? கடிகாரத்திலிருந்து ஒன்று, டார்ச்சிலிருந்து ஒன்று என்று உருவிப் போடுவாள். அந்த வீட்டில் கடிகாரம் நின்றாலும் நிற்கும், மணி நிற்காது.

ஒரே ஒரு மத்தியானம் அது நின்றது. ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் தைத்து முடித்தாள். தையல் கோடு போட்டதுபோல் இருந்தது. அப்புறம்தான் செல் செத்துப்போனது தெரிந்தது. அந்த ஒரு மத்தியானத்தின் ருசி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

“மாத்தி மாத்தித் தூக்கி எறியாத. சார்ஜ் ஏத்துற செல்லா வாங்கிடு,” என்றான் புருஷன். கடைக்குப் போனாள்.

“கூப்பிடுற மணிக்கா? அப்ப இத எடுத்துக்கங்கம்மா,” என்றார் கடைக்காரர். “சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்காது. இந்தச் சார்ஜர் ஒரு மணி நேரத்துல ஏத்திடும். நாலு செல்லா வாங்கிட்டீங்கன்னா ஒரு ஜோடி ஏறும்போது இன்னொரு ஜோடி ஓடும். மணி நிக்கவே நிக்காது.”

“நிக்கவே நிக்காதா?”

“ஒரு நிமிஷம்கூட.”

அவள் கண் அலமாரி மூலைக்குப் போனது. “அந்த மூலையில இருக்கிறது?”

“அது வேணாம்மா. செல் நாலஞ்சு நாள்ல இறங்கிடும். சார்ஜர் எட்டு மணி நேரம் எடுக்கும். வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டு வராங்க.”

“அதையே குடுங்க. ரெண்டே செல் போதும்.”

“அப்புறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

அன்றிலிருந்து நாலைந்து நாளைக்கு ஒருமுறை, மணியின் செல்லை உருவிப் போட்டு, மாமியார் தலைமாட்டில் சார்ஜரைச் செருகுவாள். சிவப்பு விளக்கு எரியும். தண்ணீர், கண்ணாடி, போன் எல்லாவற்றையும் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டு, கத்தினால் கேட்கும் தூரத்தில் மாடிப்படியில் போய்க் காலை நீட்டி உட்கார்வாள். அவ்வளவுதான். யார் என்ன குற்றம் சொன்னாலும் சரி, எட்டு மணி நேரத்தில் படியில் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. ஆனால் கை மட்டும் அடிக்கொருதரம் கழுத்துக்குப் போய்விடும்.

ஒருநாள் படியிலிருந்து எழுந்து வந்தவள், மாமியார் போனில் மகனிடம் பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

“மணியா? நல்லா அடிக்குதுடா. இப்பதான் அமுக்கினேன், ஓடி வந்தா.”

தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எதுக்கு அத்தை அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன? ஒரு நாளைக்கு இருபது தரம் போன் பண்ணி, அமுக்கிப் பாரு, அமுக்கிப் பாருங்கிறான். அமுக்கினா நீ வந்து நிக்கிற. என்ன கேக்கறதுன்னு தெரியாம ஜன்னலைத் தெறன்னுவேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“அவன் சந்தோஷமா வாங்கிட்டு வந்தது. என்னன்னு சொல்றது?”

அந்த வாரமே புருஷன் புதுச் சார்ஜரும் நாலு செல்லும் வாங்கி வந்தான். “இனிமே நிக்கவே நிக்காது,” என்றான். கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை.

“எல்லாத்தையும் இங்க என் பக்கத்துல வை. நான் பாத்துக்கறேன்,” என்றாள் மாமியார்.

மறுநாள் மத்தியானம் மணி மெல்ல முனகி அடங்கியது. அவள் உள்ளே வந்து புதுச் செல்லைத் தேடினாள். மாமியார் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினாள். நாலும் உள்ளே கிடந்தன.

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். பழசையே பழைய சார்ஜர்ல போட்டுட்டுப் போய் உக்காரு.”

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் படியில் போய்க் காலை நீட்டினாள். உள்ளே மாமியாரின் போன் அடிக்கத் தொடங்கியது.