பூமாரியின் நுனிக்கால் நடை

"சுவிட்ச அமுக்குனா பொம்மகூடத்தான் நடக்கும்" என்று குழாயடியில் மொக்கம்மாள் சொன்னது தப்பு. தப்பென்றால் தப்புதான், எத்தனை பேர் அவள் பக்கம் தலையாட்டினாலும் சரி. மோட்டார் நடக்கிறதாம், பூமாரி அதில் சவாரி போகிறாளாம். அந்த மோட்டார்க்காலை மொக்கம்மாள் ஒரு நாள் கட்டிப் பார்க்கட்டும். எட்டு கிலோ கனம். நாலு எட்டு வைப்பதற்குள் பூமாரியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போகும்.

கூடலூர்ப் பெண்கள் பாதிப் பேரைப் போல அவளும் ஏலத்தோட்டத்து வேலைக்காரி. விடியுமுன்னே ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலைக்கு மேலே போய், பொழுதுசாய இறங்குவாள். பதினாறு வருசம். ரெண்டாயிரத்து எட்டு ஆடி மழையில் ஒரு வளைவில் ஜீப் சாய்ந்தது. விழுந்தவளைத் தூக்கி உட்காரவைக்கப் போனவர்களை டிரைவர் நல்லகண்ணு விடவில்லை.

"உக்கார வைக்காதீக, முதுகு போயிரும்" என்று தடுத்து, ஜீப்பின் பலகையைக் கழற்றி அதில் நேராகப் படுக்கவைத்தான். நரம்பு முழுக்க அறாமல் தப்பியது அதனால்தான் என்று மதுரையில் ஆபரேசன் செய்த டாக்டரே சொன்னார். நல்லகண்ணுவின் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

முதுகுக்குள் கம்பியும் திருகாணியும் வைத்து அனுப்பினார்கள். கால் அசைந்தது, தூக்கிவைக்கத்தான் வரவில்லை. ஒரு வருசம் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். புருசன் மலைச்சாமி தூக்கிக்கொண்டுபோய்க் குளிக்கவைப்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவன் தூக்க வரும்போதெல்லாம் பூமாரி சுவரைப் பார்த்துக்கொள்வாள்.

பிசியோதெரபி செய்யத் தேனியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஜாய்ஸ் டாக்டரம்மாதான் அந்த மோட்டார்க்கால் மெஷினுக்கு வழிசெய்தார். மதுரைப் பக்கம் ஒரு காலேஜில் சண்முகராஜ் என்ற வாத்தியார் செய்துபார்த்துக்கொண்டிருந்தது அது. காலோடு சேர்த்துக் கட்ட அலுமினியச் சட்டம், முட்டியில் மோட்டார், முதுகில் பேட்டரி. குதிகாலுக்கு அடியில் ஒரு பித்தான். குதிகாலை ஊன்றினால் அது அமுங்கி, மறுகாலை மோட்டார் மடக்கித் தூக்கும். பத்து வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கால் பழகாவிட்டால் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று பூமாரிக்குத் தெரியும்.

தோட்டத்தில் அட்டைக்கடிக்குப் பயந்து போடுகிற மலைச்சாமியின் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மெஷினைக் கட்டினாள். மெஷின் ஒரு தடவை தூக்கினால் பத்துத் தடவை சும்மா நின்றது. மூன்று வாரம் இப்படியே போனது. சண்முகராஜ் ஒயரை மாற்றினார், மோட்டாரைப் பிரித்துப் பூட்டினார்.

"மெஷின்ல கோளாறு இல்லையேம்மா. கால நல்லா ஊனுங்க."

"ஊனிக்கிட்டுத்தான சார் இருக்கேன்" என்றவளுக்கு அழுகை முட்டியது.

ஜாய்ஸ் தரையில் மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தார். "பூமாரிக்கா, குதிகால் தரையில படவே இல்லையே."

"சரிவுல குதிகால வச்சா வழுக்கிரும் டாக்டரம்மா. இடுப்புல கூடை வேற இருக்கும். விரல ஊனி ஊனியே பழகிப்போச்சு. வீட்லயும் அப்படித்தான் நடப்பேன், வேணும்னா இவுகளக் கேளுங்க."

"ஆமா, பூனை மாதிரி" என்றான் மலைச்சாமி. "வர்றதே தெரியாது. பின்னாடி நின்னு வையும்போதுதான் தெரியும்."

சண்முகராஜ் சிரிக்கவில்லை. "அப்ப அவுக கால மாத்த வேணாம். பித்தான மாத்துவோம்" என்று அங்கனயே உட்கார்ந்து, அதைப் பெருவிரலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். படித்தவர், தான் செய்த பொருள்தான் சரி என்று நிற்காமல் ஒரு கூலிக்காரியின் காலுக்கு இறங்கி வந்தார். அன்றைக்குப் பதினோரு எட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு, கால் தானே வேலை செய்யட்டும் என்று, வாரா வாரம் மோட்டாரின் விசையை ஜாய்ஸ் குறைத்துக்கொண்டே வந்தார். பூமாரிக்கே தெரியாது. நாளாக நாளாக மெஷின் கனக்கிறதே என்றுதான் நினைத்தாள். இதைக் குழாயடியில் யாரும் பேசுவதில்லை.

பத்தாம் வாரம், உச்சிவெயில் நேரம், சண்முகராஜ் மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினார். பூமாரி நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்து எழுந்தாள். தாங்கப் போன மலைச்சாமியிடம் "கைய எடுங்க" என்றாள். வலது கால், ஸ்டாண்டு, இடது கால். வாசற்படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு இறங்கினாள். ஒரு வருசத்துக்கு மேல் தெருவை மிதிக்காத வெறும் பாதம், தெருவெல்லாம் சிமெண்ட்.

"சுடுது" என்றாள்.

மலைச்சாமி செருப்பெடுக்க ஓடினான்.

"வேணாம், சுடட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த காலை எடுத்து வைத்தாள்.