லுஸ்ட் எப்படி இருக்கிறது?

ஹாம்பர்க்கில் எதிர்வீட்டுக்காரி காலையில் கதவைத் தட்டி, காப்பிக்கு லுஸ்ட் இருக்கிறதா என்பாள். பள்ளி ஆசிரியை பிள்ளைகளிடம் பாட லுஸ்ட் இருக்கிறதா என்று கேட்பார். விருப்பம் எதுவானாலும் இந்த ஜெர்மன்காரர்களுக்கு அந்தச் சொல்தான். ஆகவே என் மருத்துவர், பல்வலி விசாரிக்கும் குரலில், லுஸ்ட் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் காப்பி குடித்தால்தான் தூக்கம் கெடுகிறது என்றேன். அவர் கணினியிலிருந்து நிமிர்ந்தார். படுக்கையைப் பற்றிக் கேட்டேன் என்றார் பொறுமையாக. இரண்டு பிள்ளை பெற்றபிறகு, அதை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் ஒரு வெள்ளைக்காரிதான்.

மணப்பாட்டுக்காரி நான். கப்பலில் எஞ்சினியராக இருந்து, இங்கே துறைமுகத்தில் கரைவேலை பிடித்த ராயப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள். இளையவன் பிறந்தபின் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினார்கள். அழுகை நின்றது, கூடவே இன்னொன்றும் நின்றது. அவர்மேல் பிரியம் குறையவில்லை. அவர் தொட்டால், வேறு யாரையோ தொடுவதுபோல் உடம்பு சும்மா கிடந்தது. மீறினால் வறட்சி, வலி. தலைவலி என்றேன், அசதி என்றேன். கடைசியில் அவர், தன் குறட்டை எனக்குத் தொந்தரவாம் என்று சொல்லி சோபாவுக்குப் போனார். அவருக்குக் குறட்டையே கிடையாது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது தூத்துக்குடியில் ஒரு லேடி டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எத்தனை பிள்ளை என்றார். இரண்டு என்றதும், பிறகென்னம்மா என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். என் மைனியோ, "ஏளா, விடுதலை கெடச்சிருக்கு. இதுக்குப் போயி வைத்தியம் பாக்கியா?" என்றாள். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்க ஆண்மைக்குறைவு நோட்டீஸ்கள். பெண்ணுக்கு அப்படியொரு குறையே இல்லை போலும். அவளுக்குச் சுவரும் இல்லை.

ஹாம்பர்க் மருத்துவர், லுஸ்ட் பற்றிக் கேட்ட அன்றே, நிதானமாக விளக்கினார். மனதின் ஆசை வேறு, உடம்பின் எழுச்சி வேறாம். இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு இரண்டையும் மழுங்கடிக்குமாம். நானாக நிறுத்தக் கூடாது, மாற்றித் தரலாம் என்றார். வறட்சிக்கு ஒரு ஜெல் எழுதினார். அடுத்தமுறை கணவரையும் அழைத்துவரச் சொன்னார்.

ராயப்பன் வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "என்னய ஒனக்குப் புடிக்காமப் போச்சுன்னுல்லா நெனச்சேன்."

"அதெப்படிப் புடிக்காமப் போவும்?" என்றேன்.

என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

மாத்திரை மாறியது. எதையும் எதிர்பார்க்காமல் அருகே படுத்துத் தொட்டுக்கொள்வது எங்களுக்கு வீட்டுப்பாடம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உடம்பு சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் வரவில்லை என்று சொல்கிறேன். அவர் சோபாவுக்குப் போவதில்லை.

இந்த மே மாதம் மணப்பாடு போயிருந்தோம். அம்மா வீடு நிறைய உறவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் கூடம் முழுக்கப் பெண்கள் பாய்விரித்துக் கிடந்தோம். குளித்துவிட்டு வந்த ராயப்பன் துண்டு எடுக்க என்னைத் தாண்டிக் குனிந்தார். உப்புக்காற்றும் சோப்பு வாசமுமாக அவர் கை என் தோளில் உரசியது. ஹாம்பர்க்கில் பூட்டிய அறைக்குள் வாரக்கணக்கில் அழைத்தும் வராதது, அங்கே, அத்தைக்கும் சித்திக்கும் நடுவில், கேட்காமலே வந்து நின்றது. அவரும் கண்டுகொண்டார். ஆண்கள் இருந்த மொட்டைமாடிக் கொட்டகைக்குப் போகிறவர், படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சித்தியின் முதுகுப் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.