இருப்பில் அறுபத்திரண்டு கட்டு

முத்திரையை மைப்பஞ்சில் ஒற்றித் தாளில் வைத்து எடுத்தார். ரத்து. அடுத்த தாள். ரத்து. தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, இரண்டு பக்கமும் வெறுமை. வெற்றுத் தாளை ரத்து செய்வதில் ஒரு வசதி, படித்துப் பார்க்க வேண்டியதில்லை. மதியத்துக்குள் எழுநூறு ஆகியிருந்தது. மாலைக்குள் இன்னும் எண்ணூற்றைம்பது அடிக்க வேண்டும்.

"ஏம்ப்பா ஸ்டோர், உள்ளதான் இருக்கியா, இல்ல உன்னையும் சேத்துக் கட்டி அடுக்கிட்டாங்களா?"

தட்டச்சுக்கார அம்மாள் வெளியே நின்று கேட்டாள். பொருளறைக் கதவு பாதிதான் திறக்கும். மீதிப் பாதிக்கு இடமில்லாமல் பின்னால் தாள்கட்டுகள் ஜன்னல் மட்டம் வரை நின்றன. நடுவில் ஒரு நாற்காலி போடும் இடம். அதில்தான் அவர்.

"இருக்கேன்க்கா."

"பென்சில் ஒண்ணு குடு. எதையும் ரத்து பண்ணாம குடு."

பதினோரு வருடமாக இந்த அறை அவர் பொறுப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு அவர் ஸ்டோர். மனைவிக்கு ஏழு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் பள்ளிக்கூட வேலை. மகளும் அவளோடு. மகள் பிறந்த மாதம் அந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதினார். உத்தரவு இந்த மாதம் மூன்றாம் தேதி வந்தது. மகளுக்கு ஒன்பது வயது. உத்தரவின் கடைசி வரி: மாத இறுதிக்குள் பொறுப்பை ஒப்படைத்து விடுபடாவிட்டால் இது தானாகவே காலாவதியாகும்.

உத்தரவை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினார். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

"சந்தோஷம்யா. ஆனா உன் இடத்துக்கு ஆள் போடலியே. அப்ப சாவியை நான்தான் வாங்கணும்."

"ஆமா சார்."

"பேனா, பென்சில்னா வாங்கிக்கறேன். அந்தக் காகித மலையை என் தலையில கட்டிட்டுப் போகலாம்னு பாக்காதே. ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவன் நான். பூச்சி தின்ன தாளுக்கு யார் பதில் சொல்றது? இருப்பு இல்லைன்னு எழுதிக் கொண்டா, அந்த நிமிஷமே கையெழுத்து."

மலை அவர் கட்டியதுதான். போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசு அலுவலகங்கள் மறுசுழற்சிப் பொருள்களுக்கு முன்னுரிமை தர வேண்டும், வருடத்தில் வாங்கும் தாளில் மூன்றில் ஒரு பங்காவது மறுசுழற்சித் தாளாக இருக்க வேண்டும். பதினோரு மாதம் அது ஒரு கோப்புக்குள் நிம்மதியாகத் தூங்கியது. பன்னிரண்டாம் மாதம் மேலிடம் சதவீதம் கேட்டது. அதுவரை வாங்கியிருந்தது அத்தனையும் புதுத் தாள். ஒரு வருடத்து மூன்றில் ஒரு பங்கை ஒரே மாதத்தில் வாங்கினால் சதவீதம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டுக் குறிப்பு எழுதியவர் ஸ்டோர். வாங்கினார்கள். பாராட்டுக் கடிதமும் வந்தது.

நகல் இயந்திரம் முதல் கட்டிலேயே நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவன் உள்ளேயிருந்து ஒரு பிடி தூசியை எடுத்துக் காட்டினான்.

"சார், இது தாள் இல்ல, கம்பளி. இன்னொரு தடவ இதைப் போட்டீங்கன்னா நாங்க பொறுப்பு இல்ல."

மற்றப் பிரிவுகள் வாங்கிய கட்டுகளை வாங்கிய வேகத்தில் திருப்பி அனுப்பின. பள்ளிகளுக்குக் கொடுக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்தக் கடிதம் போன இடம் தெரியவில்லை. கழிவாகத் தள்ளலாம் என்றால் கழிவு என்பது பயன்படுத்தப்பட்ட தாள் மட்டுமே. வாங்கவும் விதி இருந்தது, வைத்திருக்கவும் விதி இருந்தது. விடுவதற்கு இல்லை. புலி வாலைப் பிடித்த கதை.

"இதுல ஒரு எழுத்தாவது இருக்கா? எப்படிய்யா கழிவுன்னு சொல்லுவே?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"ஒரு எழுத்து இருந்தா போதுமா சார்?"

கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இருந்தா இருக்கட்டும்."

அறுபத்திரண்டு கட்டு, முப்பத்தோராயிரம் தாள், முத்திரையடிக்கக் கையிலிருந்தது இருபது வேலைநாள். முதல் வாரம் தோள் வலித்தது. இரண்டாம் வாரம் வலி மணிக்கட்டுக்கு இறங்கியது. மூன்றாம் வாரம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் கை தானாக ஒற்றி ஒற்றி எடுத்தது. பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வேலை முடியும் தறுவாயில் கண்காணிப்பாளர் பொருளறைக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி.

"எடுக்கறதுதான் எடுக்கறே, கையோட மாடியில கெடக்கற பழைய கோப்பு மூட்டைங்களையும் தள்ளிடு. வச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு."

தள்ளினார். எல்லாம் சேர்ந்து நானூறு கிலோ. அரசு அலுவலகக் கழிவை முன்னுரிமைச் சான்று பெற்ற ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும், தாள் விற்றதும் அதே ஆலை. ஆலையின் ஆள் ஒரு படிவத்தை நீட்டினான். அதில் இரண்டு கட்டங்கள்: பதிலுக்குப் பணமாகவா, தாளாகவா? பணம் என்றால் கருவூல ரசீது வரும்வரை இருப்பை முடிக்கக் கூடாது. அதற்கு இரண்டு மாதம். தாள் என்றால் நான்கு கிலோவுக்கு மூன்று கிலோ, இருப்பை அன்றே முடிக்கலாம்.

"தாள்னா எப்ப வரும்?"

"அது கெடக்கு சார். போன வருஷம் குடுத்தவங்களுக்கே இன்னும் போகல. ஆறு மாசம், எட்டு மாசம்."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு தாமதம் அவர் பக்கம் நின்றது. எட்டு மாதம் கழித்துச் சாவி யார் கையில் இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். யோசித்துவிட்டு, 'தாளாக' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் அறை காலி. பெருக்கியபோது துடைப்பத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. நாலு மணிக்கு வீட்டுக்குப் பேசினார்.

"நாளைக்குக் காலைல வண்டி ஏறிடுவேன்."

"நிஜமாத்தானாங்க?"

"கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பின்னாலிருந்து மகள் கேட்டது அவருக்குக் கேட்டது. "அப்பா வந்தா எத்தனை நாள் இருப்பாரும்மா?"

நாலரைக்குக் கண்காணிப்பாளர் விடுவிப்புக் கடிதத்தை மேசையில் விரித்து, சாவியை வாங்கிப் பக்கத்தில் வைத்து, பேனாவைத் திறந்தார். கீழே ஹாரன் அடித்தது. யாரோ வாசலில் கத்தினார்கள்.

"ஸ்டோர் யாருங்க? லோடு வந்திருக்கு!"

ஸ்டோர் படியில் இறங்கி ஓடினார். லாரியின் பின்கதவை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். நூற்றிருபத்தைந்து கட்டு.

"எட்டு மாசம்னு சொன்னாங்களே?" என்றார் ஓட்டுநரிடம்.

"வருஷக் கடைசி சார். கவர்மெண்டு ஆபீசுக்கு இவ்வளவு குடுத்தோம்னு காட்டினாத்தான் மில்லுக்குச் சான்றிதழைப் புதுப்பிப்பாங்க. பதினோரு மாசம் சும்மா இருந்துட்டு இன்னிக்கு உயிரை வாங்கறாங்க."

"நாளைக்கு இறக்கலாமா?"

"நாளைக்கு நான் வேற ஊரு சார்."

"ஒரு அரை மணி நேரம்? தெருமுனைல நில்லுங்க. நானே வந்து கூப்பிடறேன்."

ஓட்டுநர் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தார். கண்காணிப்பாளர் நின்றிருந்தார், கையில் கடிதம். ஓட்டுநரிடமிருந்து படிவத்தின் நகலை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"தாளாகன்னு போட்டது நீதானே?"

"ஆமா சார்."

"எப்ப வரும்னு நெனச்சே?"

ஸ்டோர் லாரிப் பக்கம் திரும்பினார்.

"நான் சாவி வாங்கினப்புறம்," என்றார் கண்காணிப்பாளர். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் ஏதாவது சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பி நீட்டினார்.

"இறக்கச் சொல்லு. இந்த வருஷத்துச் சதவீதமும் வந்துருச்சு."

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டோர் அலுவலகம் வந்தார். இருப்புப் பதிவேட்டில் வரவு நூற்றிருபத்தைந்து கட்டு என்று எழுதினார். மாற்றல் உத்தரவைக் கோப்பில் சேர்த்தார். கணக்குப் பிரிவுக்கு இரண்டு பாட்டில் பசை கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். மதியம் மனைவி பேசினாள். விஷயத்தைச் சொன்னார். சரி என்றாள். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு வாடகைக்கு அறை தேடிப் போனார். ஊருக்குப் போவதாகச் சொல்லிக் காலி செய்திருந்த அறைக்கு அன்று காலையே வேறு ஆள் வந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை கிடைத்தது. குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரர் சொன்னார்.