என் போனில் புகுந்தவர்கள்

அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் கம்பெனியிலிருந்து அந்த எச்சரிக்கை வந்தது. வேவு மென்பொருள் ஒன்று என் போனைக் குறிவைத்திருக்கிறதாம். நான் தொழிலாளர் வழக்கு நடத்தும் சாதாரண வக்கீல். அந்தச் சரக்கை விற்பவர்கள் அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று சத்தியம் செய்வார்கள். அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது பொன்னாடையைவிடப் பெரிய மரியாதை.

என் கணவர்தான் வெலவெலத்துப் போனார்.

"நாம பேசறதெல்லாம் கேப்பாங்களா?"

"கேப்பாங்களாம்."

"உங்கம்மாவப் பத்தி நான் பேசனது?"

"அதுக்கு மென்பொருள் எதுக்கு? தெருவுக்கே கேட்டுச்சே."

எனக்கு ஒட்டுக்கேட்பவன்மேல்தான் பரிதாபம். என் குறட்டையைக் கேட்க என்ன படிப்புப் படித்தானோ.

தட்டாஞ்சாவடியில் மாத்திரை அட்டை அடுக்கும் கம்பெனியில் வேலை செய்த ஒரு பெண், சூப்பர்வைசர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதை எனக்குப் போனில்தான் சொல்லியிருந்தாள். புகார் கொடுக்கவிருந்தோம். அவளிடம் மறைப்பது தப்பு. உழவர்கரையில் அவள் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கி அழுதுனே சொன்னேனேக்கா. அதையும் கேட்டிருப்பாங்களா?"

"தெரியலம்மா."

"எங்க ஊட்டுக்காரருக்கே அத நான் சொல்லல."

என் நக்கலெல்லாம் அங்கேயே வற்றிப்போனது. புகாரே வேண்டாம் என்று அவள் சொன்னபோது சரியென்று கிளம்பி வந்தேன்.

சில நாள் கழித்துக் கோர்ட்டு வாசலில் வந்து நின்றாள்.

"யாரோ சொல்லி ஊட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்னு நானே சொல்லிட்டேன். எழுதிக்கோங்கக்கா. போன ஊட்லயே வெச்சிட்டு வாங்க."

பேசுவதற்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன் ஏலத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். அங்கே நம் பேச்சு நம் காதிலேயே விழாது. வஞ்சிரத்துக்கு நடந்த கூச்சலுக்கு நடுவே, அவள் என் காதில் கத்தக் கத்த எழுதினேன். அசிங்கமான வார்த்தைகளை இன்னும் உரக்கக் கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்க வந்தவர்கள் என்று நினைத்த மீன்காரம்மா மட்டும் ஒரு கூறு சங்கராவைத் தலையில் கட்டிவிட்டார்.

விசாரணை முடிந்து சூப்பர்வைசர் வேலையிழந்தான். அவள் அங்கேயே வேலை செய்கிறாள். போனில் புகுந்தது யார் என்று மட்டும் தெரியவேயில்லை. விற்றவன் வாங்கியவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான். வாங்கியவனோ அப்படி ஒரு சாமான் உண்டா என்று நம்மையே கேட்பான்.

போன வாரம் அவளைப் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நேர்ல சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.