சாவியை அணைத்துவிட்டு வந்த இறக்கம்

அன்று பூம்பாறை இறக்கத்தில் இருந்தது மூன்றே பேர்: நான், ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் செல்வி, தலையில் பூண்டு மூட்டையோடு முன்னே நடந்துகொண்டிருந்த பாப்பாத்தி அக்கா.

"லைசென்ஸ் வேணாம், நம்பர் வேணாம்" என்று கடைக்காரர் சொன்னதால்தான் அந்தப் பேட்டரி ஸ்கூட்டரை வாங்கினேன். ஆறாவதோடு படிப்பை விட்ட எனக்கு லைசென்ஸ் பரீட்சைக்குப் போகத் துணிச்சல் இல்லை. வாங்கிய பிறகோ, வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று ஓயாத பயம். எங்கள் பக்கம் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வண்டியை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டுவார்கள். நானும் அப்படியே சாவியை அணைத்தேன்.

வளைவில் அக்காவைப் பார்த்ததும் ஹாரனை அமுக்கினேன். சத்தமே வரவில்லை. சாவியை அணைத்தால் ஹாரனும் செத்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. பிரேக் பிடித்தும் இடித்துவிட்டேன். விழுந்ததில் அக்காவின் மணிக்கட்டு முறிந்தது.

"ஏத்தா, பூனை மாதிரியா வருவ?"

"ஹாரன் அடிக்கலைக்கா..."

"ஹாரன் இல்லாட்டி உனக்கு வாயுமா இல்ல?"

நான் அக்காவைத் தூக்கி உட்கார வைத்தேன். செல்வி அழுதுகொண்டே சிதறிய பூண்டைப் பொறுக்கினாள்.

இப்போது நான் சாவியை அணைப்பதில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேன். சார்ஜ் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு போகிறேன். நம்பர் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸும் நான் எடுத்திருக்கவில்லை. அதனால் கை எலும்பு கூடும்வரை அக்கா இழந்த கூலியில் இன்னும் எழுநூறு ரூபாய் நான் தர வேண்டும்.